முதுகு சாய்க்க ஒரு வாழை

களக்காட்டில் சொர்ணலிங்கம் என்று ஒரு வாழைத்தோட்ட முதலாளி இருந்தார். ஊரிலேயே தன் தோட்டம்தான் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, யூரியாவை மட்டும் அள்ளிப் போடச் சொல்வார்.

"பொட்டாஷும் சேத்துப் போடணும் மொதலாளி. யூரியா வளத்துவிடும், அதைத் தாங்குற பலம் பொட்டாஷ்லதான் வரும்" என்பாள் தோட்டத்துக் குடிசையிலேயே தங்கி வேலை பார்த்த பேச்சித்தாய்.

"அதைப் போட்டா இலை இன்னும் பச்சையாவுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

வாழை கரும்பச்சையாக ஓங்கி நின்றது. ஆடிக் காற்றுக்கு முன்னால் ஊர்க்காரர்களை அழைத்துவந்து காட்டினார். அந்தப் பெருமையில், "காத்துல ஒரு வாழை சாய்ஞ்சாலும் அது உன் வேலைக் குத்தம்தான், நீ குடிசையைக் காலி பண்ணணும்" என்று அவளிடம் சொன்னார்.

அவளுக்குப் போக வேறு இடமில்லை. வாழை வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"சரி மொதலாளி. உங்களுக்குப் பிடிச்ச வாழையில முதுகைச் சாய்ச்சு, ஒரு வெத்தல போட்டு முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. அது உங்களைத் தாங்கிட்டா, காத்துக்கு நான் பொறுப்பு."

முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு வாழையை அழுத்தினார். அது வளைந்தது. அடுத்தது மளுக்கென்றது. வரிசை முழுக்க நடந்தார். எதிலும் முதுகை வைக்கவில்லை. கூட வந்த யாரும் சிரிக்கவில்லை. யூரியாவை மட்டுமே நம்பிய அவரவர் தோட்டம் அவரவர் நினைவுக்கு வந்துவிட்டது.

"இனிமே பொட்டாஷ் போட்டா தேறுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"குலை தள்ளாதது கொஞ்சம் தேறும். மத்ததுக்கு முட்டுக்கம்பு கொடுக்கணும்."

மறுநாள் அவள் கம்பு ஊன்றியபோது, மறுபக்கம் வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சொர்ணலிங்கம்தான்.