கருஞ்சேத்து அகத்தி

குதிரைக்கு ஒரு நாடு, ஆட்டுக்கு ஒரு மூலைன்னு ராசாமாரு பிரிச்சு வச்சிருந்த காலம் அது. அப்பிடி ஒரு ராசா, மேய்ச்சக்காட்டை எல்லாம் தன் குதிரைங்களுக்கு எடுத்துக்கிட்டாரு. ஆடு மேய்க்குற சடச்சிக்கும் அவ புருசன் ஓச்சானுக்கும் என்ன குடுத்தாரு? கருஞ்சேத்துப் பள்ளம்!

அது மண்ணே இல்லைங்க. கோரையும் இலையும் காலங்காலமா தண்ணிக்குள்ள மக்கிச் சேந்த கறுப்புச் சக்கை. மிதிச்சா பொதுக்குன்னு அமுங்கும். நாக்குல வச்சா புளிக்கும்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள இதுல பச்சைத் தழை காட்டணும். இல்லாட்டி நாப்பது ஆடும் என் அடுப்பங்கரைக்கு"ன்னு மீசையத் தடவுனாரு ராசா.

ஓச்சான் பதட்டக்காரன். கொட்டாவி விட்டாக்கூட அவசரமா விடுவான்.

தையில அகத்தி விதையைச் சேத்துல தூவுனாங்க. முளைச்சுது. வேர் அழுகிச் செத்துது.

மாசியில ஓச்சான் ஆளுயரத்துக்குக் கால்வாய் வெட்டினான். தண்ணியெல்லாம் ஓடிப்போச்சு. "பாத்தியா புள்ள!"ன்னு குதிச்சான். நிலம் நல்லா காஞ்ச அன்னைக்கு, அங்கயே அடுப்பு மூட்டிக் கூழு காய்ச்சினான். கூழு வெந்துச்சு. கூடவே நிலமும் வெந்துச்சு! காஞ்ச சக்கை இல்லையா? தீ மண்ணுக்குள்ள பூந்து, இங்க அணைச்சா அங்க புகையுது. ஆடுங்க "ம்மே... ம்மே"ன்னு ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. சடச்சி ஓடிப்போய்க் கால்வாயை அடைச்சா. மூணு நாள் கழிச்சுத் தண்ணி ஊறி ஏறுன பெறகுதான் புகை அடங்குச்சு.

சித்திரையில சடச்சி ஒரு முழம் ஆழத்துக்கு மட்டும் வாய்க்கா எடுத்து, அள்ளுன மண்ணை மேடா கூட்டினா. புளிப்பு போக நத்தை ஓட்டைச் சுட்டுப் பொடிச்சுத் தூவினா. அவ வீட்டுப் பக்கத்துல நல்லா தழைச்சு நின்ன பழைய அகத்தியோட வேரடி மண்ணை, குழிக்கு ஒரு கை போட்டு விதைச்சா.

முளைச்சுது. ஆனா மஞ்சள்!

"புள்ள, இன்னும் ஒரு முழம் தோண்டவா?"

"வேண்டாம்யா."

பத்து நாள் போச்சு. அதே மஞ்சள்.

"அரை முழம்?"

"மண்வெட்டியைத் தொட்டீன்னா, நாப்பத்தோராவது ஆடு நீதான்யா."

வைகாசியில ராசா வீட்டுச் சமையக்காரன் வந்து, ஒவ்வொரு ஆட்டுத் தொடையா அமுக்கிப் பாத்துட்டுப் போனான். ஓச்சான் நேரா மண்வெட்டிக்கிட்ட போனான். சடச்சி அதுமேலயே உக்காந்துக்கிட்டா. அவளுக்கும் பயந்தான். ஆனா எந்திரிக்கல. ஒரு செடியைப் புடுங்கி வேரைக் காட்டினா. வேர் பூராவும் கேழ்வரகு மாதிரி குட்டிக்குட்டி முடிச்சு.

"பழைய மரத்து வேர்லயும் இப்பிடித்தான்யா இருந்துச்சு. இந்த முடிச்சு புடிச்சாத்தான் தழை பச்சை கட்டும். பொறு."

ஆனி கடைசி நாள். ராசா குதிரையில வந்தாரு, பின்னாடியே சமையக்காரன் கத்தியோட. மேடு பூரா ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேல்னு அகத்தி! ராசா மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"பாக்கத்தான் பச்சை. இந்தச் சேத்துத் தழையை எது தின்னும்?"

ஓச்சான் கண்ணை மூடிக்கிட்டான்.

கறுக்... மொறுக்... கறுக்... மொறுக்...

ராசாவோட குதிரைதான்! கடிவாளத்தை இழுக்க இழுக்க, அது தலையைத் தூக்கல.

சடச்சி கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னா: "சாமி, உங்க குதிரையே பதில் சொல்லிருச்சு."

சமையக்காரன் கத்தியை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டான்.

மண்ணு கேக்குற அளவுக்குத்தான் செய்யணும். நம்ம பயம் கேக்குற அளவுக்குச் செஞ்சா இருக்குறதும் எரிஞ்சு போகும்.