புலியின் சிவந்த வாய்

ஒரு காட்டில், அன்று காலை பாறையடியில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: புலி ஒன்று, நரி ஒன்று, குரங்கு ஒன்று, முள்ளம்பன்றி ஒன்று, மான்கள் நான்கு. மான்கள் எட்டியே நின்றன. பயத்தால் அல்ல, நாற்றத்தால்.

புலிதான் ராஜா. தினமும் காலையில் குடிகளுக்கு முன்னால் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடும். அதன் முப்பது பற்களையும் பார்த்து எல்லோரும் நடுங்க வேண்டும். அந்தக் காட்டின் வழக்கம் அது.

அன்று பல்லிடுக்கில் இரத்தம் கசிந்தது.

"ஆகா!" என்றது நரி. புலி தின்ற மிச்சத்தில் வயிறு வளர்க்கிற நரி அது. "நேற்று வேட்டையே இல்லை. ஆனாலும் வாய் சிவந்திருக்கிறது! எதிரிகளின் இரத்தம் இன்னும் காயவில்லை, ராஜா!"

புலி நெஞ்சை நிமிர்த்தியது.

குரங்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தது. "ராஜா, இது உங்கள் சொந்த இரத்தம். ஈறு வீங்கியிருக்கிறது. பல்லின் அடியில் அழுக்கு இறுகிக் காரையாகி, கல் மாதிரி ஒட்டியிருக்கிறது. போன மாதக் கறியும் அங்கேதான் இருக்கிறது."

"எனக்கு வலிக்கவே இல்லையே!"

"வலிக்காமல்தான் ஈறு கெடும். வலிக்கிறபோது பல் கையில் இருக்கும்."

"வாழைப்பழம் தின்கிற உனக்குப் புலியின் வாயைப் பற்றி என்னடா தெரியும்? போடா!" என்று உறுமியது புலி.

மழைக்காலம் வந்து போனது. ஈறு கரைந்து மேலேறியது. பற்கள் நீளமாகத் தெரிந்தன. "ராஜாவுக்குப் பல் வளர்கிறது!" என்று நரி காடெங்கும் சொல்லித் திரிந்தது.

ஒருநாள் புலி பாய்ந்து ஓர் எருமையின் கழுத்தைக் கவ்வியது. எருமை ஓர் உதறு உதறியது. புலி புழுதியில் விழுந்தது. எருமை கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிப் பார்த்தது.

"ராஜா, உங்கள் பொருள் இரண்டு என் கழுத்திலேயே இருக்கிறது. வேண்டுமா?"

இரண்டும் மேல் கோரைப்பற்கள்.

பசியோடு புலி குரங்கின் மரத்தடிக்கு வந்தது. நரி கூட வரவில்லை. மிச்சம் விழாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

"கடிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள், இறங்குகிறேன்" என்றது குரங்கு.

"கடிக்க முடிந்தால் இங்கே ஏன் வருகிறேன்?"

முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைக் கொடுத்தது. குரங்கு அதைக்கொண்டு காரையைச் சுரண்டியது. புலி ஓவென்று அழுதது. மான்கள் அன்றுதான் முதல்முறையாகக் கிட்டே வந்து பார்த்தன.

"விழுந்த பல் முளைக்குமா?"

"முளைக்காது. ஆடுகிறவற்றில் சிலதும் போகும். மீதியைக் காப்பாற்றலாம். காலையும் இரவும் வேலங்குச்சியால் தேய்க்க வேண்டும். விட்டால் காரை திரும்பி வரும். நானும் முள்ளோடு வருவேன்."

"ராஜா பல் தேய்ப்பதா?"

"தேய்க்காத ராஜாவைத்தான் எருமை பார்த்துவிட்டதே!"

புலி குச்சியை வாங்கிக்கொண்டது. இரத்தம் நின்றது. எருமையை மறந்து, முயலோடு திருப்திப்பட்டது. காலைக் கொட்டாவி மட்டும் நிற்கவில்லை. குரங்கு முன்னால் நின்று பற்களை எண்ணிப் பார்க்கும். எருமையோடு போனவை இரண்டு, தாமாக உதிர்ந்தவை ஏழு. மீதி இருபத்தொன்று.

நீதி: ஈறில் இரத்தம் கசிந்தால், வலிக்கும்வரை காத்திராமல், உள்ளதைச் சொல்கிறவனிடம் வாயைத் திற.