நீலம் பூசாத தெரு

கணினி வரைபடத்தில் வெள்ளம் வரும்னு நீலம் பூசின தெருவுக்குத்தான் ஆத்துல தடுப்புக்கரை கட்டுவாங்களாம். எங்க தெருவை, கணக்கெடுக்க வந்த அதிகாரி வெள்ளையாவே விட்டுட்டார்.

"முப்பது வருஷக் கணக்குப்படி இங்கே வெள்ளம் வராது" என்றார்.

தெரு கூட்டும் செங்கமலம், "இனிமே வரும் சார்" என்றாள்.

"வராத வெள்ளத்தை இப்பவே காட்டு, பூசறேன்!"

"அப்படின்னா உங்க கணினியை ஐப்பசி முடியிறவரைக்கும் இந்தத் தரையில வெச்சிட்டுப் போங்க."

வீம்புக்கு வைத்தார். உச்சிவெயில், மழையே இல்லை. ஆனாலும் வெள்ளத்துக்கு முன்னாடியே மேடேறும் நண்டுகள் வளைகளிலிருந்து கூட்டமாக வந்து, சத்தமில்லாமல் சுவரேறின. மண்ணில் தண்ணீர் கசிந்தது. அதிகாரி கணினியை வாரி நெஞ்சோடு அணைத்தார்.

"வராத தண்ணிக்கு ஏன் சார் தூக்கறீங்க?"

அவர் கணினியைத் திறந்து எங்க தெருவுக்கு நீலம் பூசினார்.

செங்கமலம் சுவரை அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் மேல வரைக்கும் பூசுங்க சார். நண்டு நிக்கலை."