அறுபது நாற்காலி, அறுபது பை

2023 ஆகஸ்டு 7, திங்கட்கிழமை, காலை பத்து மணி. மொத்தம் அறுபது நாற்காலி. எண்ண வந்தவர் கொம்பைப்பட்டி கலைக் கல்லூரியின் நூலகர் அருளப்பன்.

வாசிப்புக் கூடம் எவ்வளவு பயன்படுகிறது என்று ஐந்து நாள் மணிக்கு மணி கணக்கெடுக்க வேண்டும். பாதி நாற்காலியாவது நிரம்பாவிட்டால் கூடம் விடைத்தாள் கிடங்காகிவிடும். இருபத்திரண்டு வருடமாக அருளப்பன் பொத்திப் பொத்திக் காத்த கூடம்.

கல்லூரி முதல்வர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "ஆள் எழுந்து போயிருந்தாலும், நாற்காலியில பை இருந்தா ஆள் இருக்கறதா எழுதுங்க."

நாற்பத்தொரு பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் ஒரு சுற்று வந்து சைபர் என்று எழுதினார்.

"ஒரு பை கூட இல்லையே, பூங்காவனம்!"

"எப்படி சார் இருக்கும்? மாணவர்கள் பையோட உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு வெச்சதே நீங்கதானே," என்றார் உதவியாளர் பூங்காவனம்.

"அப்போ உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க?" என்று கேட்டார் புத்தகம் அடுக்கும் தாமோதரன்.

"பிள்ளைங்களைப் பத்தி முதல்வர் ஒரு வார்த்தை சொன்னாரா?" என்றார் அருளப்பன்.

மூவரும் யோசித்தார்கள். முதல்வர் சொல்லவில்லை.

மாணவர்கள்தான் பை கொண்டுவரக்கூடாது, ஊழியர்கள் கொண்டுவரலாம். பதினோரு மணிக்குள், கூடத்தில் இருந்தவர்களும் வகுப்புக்குப் போனவர்களும் பை வைத்திருந்த வாசல் ராக்கிலிருந்து அறுபது பைகள் வந்து அறுபது நாற்காலியில் அமர்ந்தன. பிள்ளைகள் எழுந்து இடம் விட்டார்கள்.

சுரேந்திரன் என்ற மாணவன் ஒரு பையைத் தூக்கப் போனான்.

"தம்பி, அங்க ஆள் இருக்குல்ல?" என்றார் அருளப்பன்.

"சார், அது என் பை. அந்த ஆளே நான்தான்!"

"அப்போ உனக்கு இடம் கிடைச்சாச்சே. அப்புறம் எதுக்கு உட்காரணும்ங்கற?"

சுரேந்திரன் தன் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தான்.

செவ்வாயன்று ஒரு பைக்குள் போன் அடித்தது. பேசுகிறவரை வெளியேற்றுவது விதி. பூங்காவனம் அந்தப் பையை அரை மணி நேரம் வராந்தாவில் நிறுத்தி வைத்தார். புதனன்று இன்னொரு பையிலிருந்து புளிக்குழம்பு ஒழுகியது. "படிக்கிற இடத்துல சாப்பாடா?" என்று தாமோதரன் அதை அதட்டினார். பை தலைநிமிரவில்லை. வருந்துகிறது என்று விட்டுவிட்டார்.

வியாழனன்று பிள்ளைகள் காலியான ராக்கில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள்.

வெள்ளியன்று அறிக்கை போனது. கூடம் நிறைந்திருக்கிறது, சத்தமே இல்லை. கூடம் தப்பியது. முதல்வருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"எப்படிய்யா இவ்வளவு பேரை அமைதியா உட்கார வெச்சீங்க?"

"அதுங்களா உட்காருதுங்க சார். நாங்க தூக்கி வைக்கறதோட சரி."

2024 மார்ச் 15 அன்று நடந்த கல்லூரி ஆண்டு விழாவில், சிறந்த வாசகர் விருது முப்பத்தேழாம் நாற்காலியின் நீலப் பைக்கு வழங்கப்பட்டது. முதல்வர் அதற்குப் பொன்னாடை போர்த்தினார்.