பொன் அரிக்கக் கை பழகிய பூதம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை, விலா நோகிற சிரிப்பு. ஆனால் இப்போது தர மாட்டேன். இப்போதே தந்துவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். மிச்சக் கதையை நான் சுவருக்கா சொல்வது? பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், பொடிசுகள் வாயை மூடிக்கொள்ளுங்கள். நேரம் வரும்போது நானே சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில், மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், மினுக்காறு என்று ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்று மணலில் பொன் இருந்தது. வண்டி வண்டியாக இல்லை. நாள் முழுக்க அரித்தால் ஒரு கடுகளவு, யோகம் இருந்தால் ஒரு குன்றிமணி அளவு. அதனால் யாரும் அதைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், வெள்ளம் வடிந்த பதினாறாம் நாள், ராஜா ஆற்றை எல்லோருக்கும் திறந்துவிடுவார். ஊரே புளிச்சோறு கட்டிக்கொண்டு, மரத்தட்டைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி மணல் அரித்து விளையாடும். கிடைத்தவருக்குப் பொன். கிடைக்காதவருக்குப் புளிச்சோறு.

அந்த ஆற்றங்கரை ஊரில் மாதரசி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் உப்பு வண்டியோடு போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவான். வீட்டில் அவளும் மகள் அஞ்சுகமும்தான். அஞ்சுகத்துக்கு வயது பதினாலு. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசுவாள். சேவலைப் போலக் கூவி, சேவலையே இரண்டு தடவை எழுப்பிவிடுவாள்.

மாதரசிக்கு ஒரே ஓர் ஆசை. பொன் அரிக்கப் போக வேண்டும். பொன்னுக்காக இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏழு வருஷமாக முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஏழு வருஷத்துக்கு முன் அதே நாளில், கபாடன் என்ற மந்திரவாதி அவள் வாசலில் வந்து நின்றான்.

"சோறு போடு."

"கைவேலையா இருக்கேன் சாமி, செத்த இருங்க."

"சோறு போடு!"

"கைவேலையா இருக்கேன் சாமி, செத்த இருங்க."

"சோறு போடு என்றேனே!"

"கைவேலையா இருக்கேன்னு சொன்னேனே!"

கபாடனின் மீசை இரண்டு பக்கமும் நட்டுக்கொண்டு நின்றது. மடியிலிருந்து சாம்பலை எடுத்து வாசற்படியில் ஒரு கோடு கிழித்தான். சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு பூதத்தை உதறிப் போட்டான். பானை வயிறு, ஆறு கை, நெற்றி முழுக்கப் புருவம்.

"வேலையா? வேலை! இந்த வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சதுன்னு இந்தப் பூதம் தன் வாயால் சொல்லும்வரை நீ இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் கால் கல்லாகும். அது சொல்லிவிட்டால் கோடு அழியும். அதற்கப்புறம் பூதத்தால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது சொல்லாது. ஹா!"

போய்விட்டான். இனி இந்தக் கதையில் அவன் வர மாட்டான், நிம்மதியாக இருங்கள்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது பூதம் உள்ளே எட்டிப் பார்க்கும். அதன் குரல் காலி அண்டாவுக்குள் எருமை கத்துவது போல இருக்கும்.

"வேஏஏலை முடிஞ்சுதாஆஆ?"

"முடிஞ்சுது" என்பாள் மாதரசி.

பூதத்துக்கு வறுத்த புளியங்கொட்டை என்றால் உயிர். நாளெல்லாம் கடிக்கும். உடனே வாயிலிருந்து ஒரு தொலியை முற்றத்தில் துப்பும். "அந்தா, குப்பை! முடியலையேஏஏ!"

ஏழு வருஷமாக இதே கூத்து. சிரிப்பு வருகிறதா? இது அது இல்லை. அடக்குங்கள்.

அந்த வருஷமும் பொன் நாளுக்கு நாலு நாள் இருந்தது. மாதரசி மாவு ஆட்டிக்கொண்டே வழக்கம்போல் பயணத் திட்டம் போட்டாள். "ஒரு தட்டு, ஒரு கோணி, மாத்துத்துணி. சோத்துல புளி தூக்கலா இருக்கணும், இல்லாட்டி மதியத்துக்குள்ள ஊசிடும். மேட்டுத்துறை வேணாம், கூட்டம். வளைவுக்குப் போகணும், அங்கதான் கனமான மணல் ஒதுங்கும். ஏடி, கொடியில துணி காஞ்சுதா பாரு."

வருஷா வருஷம் இதே திட்டம். போகப் போவதில்லை என்று தெரிந்தும் உப்பு அளவு வரைக்கும் யோசித்து வைப்பாள். அஞ்சுகத்துக்கு அன்று அது பொறுக்கவில்லை.

"அம்மா, இந்த வருஷம் போறோம்."

"முதல்ல துணியை எடு."

அஞ்சுகம் துணியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேரே பின்பக்கச் சுவரைச் சுற்றிப் போய், பூதம் சாய்ந்திருந்த வேலிக்கு அந்தப் பக்கம் குந்தினாள். தொண்டையைச் சரிசெய்தாள்.

முதலில் ஆற்று மணியக்காரர் குரல். மூக்கடைத்த குரல், வாக்கியத்துக்கு ஒரு தும்மல். "இந்த வருஷம் வளைவுல பொன்னு பாளம் பாளமா ஒதுங்கியிருக்குய்யா. ஹச்! ஆனா மேல்மணலை ஒதுக்கணும். கூட்டிப் பழகாத கைக்கு ஒரு பொட்டுகூடக் கிடைக்காது. ஹச்!"

அடுத்தது ஓடக்காரன் குரல், கரகரவென்று. "கூட்டினா மட்டும் ஆச்சா அண்ணே? குடம் குடமாத் தண்ணி மொண்டு ஊத்தணும். தோள் பழகலைன்னா ரெண்டாம் குடத்துல படுத்துக்குவான்."

அடுத்தது மோர்க்காரி குரல், மூச்சுவிடாமல். "கூட்டினாலும் ஊத்தினாலும் அரிக்கத் தெரியணும் தட்டைச் சுழட்டத் தெரியாதவன் ஆத்துக்குப் போயி என்ன பண்ணப் போறான் மீனுக்கு விசிறிவிடப் போறானா?"

பூதம் ஆறு கையையும் பார்த்தது. ஆறு கை இருந்து என்ன, ஒரு காப்பு கிடையாது. மற்றப் பூதங்கள் எல்லாம் குலுங்கக் குலுங்கப் போட்டிருந்தன. "பொன் நாளன்னிக்கு ஒரு ஓட்டம் போயிட்டு வந்தா என்ன?" என்று முணுமுணுத்தது. "கோடுதான் கிடக்கே. அவ எங்கே போயிடப் போறா?"

அஞ்சுகம் துணியோடு ஒன்றும் தெரியாதவளைப் போலத் திரும்பி வந்தாள்.

"ஏ குட்டீஈஈ" என்றது பூதம், ரொம்பச் சாதாரணமாக. "உங்க வீட்டுல துடைப்பம் இருக்கோ?"

"இருக்கு பூத மாமா. ஆனா அம்மா யாருக்கும் தர மாட்டா."

"சும்மா, சும்மாத்தான். கை மரத்துக் கிடக்கு."

மாதரசி எட்டிப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பூதத்தின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "தருவேன்" என்றாள். "மூலையில குப்பை நிக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியிலயும் கூட்டணும். சம்மதமா?"

முதல் நாள் பூதம் கூட்டியது. ஆறு கையில் ஆறு துடைப்பம். வீடு, முற்றம், மாட்டுக்கொட்டில். நடுவில் ஒரு தொலி கிடந்தது. "எவன்டா இங்க தொலி துப்பினது?" என்று உறுமிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

இரண்டாம் நாள் பூதம் தண்ணீர் எடுத்தது. ஆறு கையில் ஆறு குடம். அண்டா, தொட்டி, தவலை, கன்றுக்குட்டியின் வட்டில், எல்லாம் தளும்பின. அப்படியே பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தது. "பழகுற கை பழகட்டும்" என்றாள் மாதரசி.

மூன்றாம் நாள் பூதம் மாதரசியின் எதிரே குந்தியது.

"வீட்டுக்காரி, அரிசியை எப்படி அரிக்கிறே? சொல்லிக் குடேன்."

"அரிசியைத்தானே கேக்குறீங்க?"

"ஆமாமா, அரிசியைத்தான். வேற எதை?" என்று பூதம் அவசரமாகச் சொன்னது.

மாதரசி தட்டில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். சாய்த்துச் சுழற்றினாள். அரிசி தண்ணீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்துக்குப் போனது. கல்லும் மண்ணும் தட்டின் அடியில் தங்கின. அதைத் தோளுக்கு மேலே முற்றத்தில் வீசினாள்.

"மேல வர்றதை வச்சுக்கணும். அடியில நிக்கிறதை எறியணும். அவ்வளவுதான்."

"மேல வர்றதை வச்சுக்கணும். அடியில நிக்கிறதை எறியணும்" என்று பூதம் பாடமாக்கிக்கொண்டது. மாலைக்குள் ஒரு மூட்டை அரிசி அரித்தது. ஒரு கல் கூட மிச்சமில்லை. சொல்லப்போனால் மாதரசியைவிட நன்றாகவே அரித்தது.

நாலாம் நாள் விடிந்தது. பொன் நாள். பூதம் எழுந்து ஒருமுறை கூட்டியது, ஒருமுறை தண்ணீர் நிரப்பியது, ஒருமுறை அரிசி அரித்தது. மாதரசி புளிச்சோற்றைக் கட்டி வைத்துவிட்டு, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு உள்ளே நின்றாள். இன்று தப்பினால் எட்டாவது வருஷம்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணியக்காரர் குரல் வந்தது. "பொன் அரிக்க வர்றவங்க உரக்கச் சொல்லுங்கய்யா! ஹச்! கூட்டியாச்சா?"

"ஆச்ச்சு!" என்றது பூதம்.

"தண்ணி மொண்டாச்சா?"

"ஆச்ச்சு!"

"அரிச்சாச்சா?"

"ஆச்ச்சு! ஆச்ச்சு!"

"அப்போ மிச்ச வேலை?"

பூதம் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. ஒரு தூசி இல்லை. அதன் நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனையும் அதன் கை பட்ட வேலையல்லவா! ஆறு கையையும் தூக்கிக்கொண்டு கத்தியது:

"வேஏஏலை எல்லாம் முடிஞ்சுபோச்ச்சு!"

படாரென்று ஒரு சத்தம். சாம்பல் கோடு ஒரு கொட்டாவி அளவுக்குப் புகைந்து காற்றில் போனது. பூதம் பார்க்கவில்லை. அது மூன்று கோணியையும் மூன்று தட்டையும் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மாதரசி இடது காலை எடுத்து வெளியே வைத்தாள். கால் கல்லாகவில்லை. வலது காலை வைத்தாள். அதுவும் கால்தான். "கதவைச் சாத்துடி, கோழி உள்ளே வந்துடும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

ஆற்று வளைவில் பூதம் வேலையைத் தொடங்கியிருந்தது. இரண்டு கைக்கு ஒரு தட்டாக மூன்று தட்டு. மணலை அள்ளும், தண்ணீர் விடும், சுழற்றும். மேலே எழுந்த வெள்ளை மணலை எல்லாம் பத்திரமாகக் கோணியில் சேர்க்கும். அடியில் தங்கிய கருமணலை, அதில் மஞ்சள் மஞ்சளாக என்னவோ மினுங்கும் கருமணலை, தோளுக்கு மேலே பின்னால் வீசும்.

தோளுக்குப் பின்னால் மாதரசி தட்டை ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

பொத். பொத். பொத்.

"ஐயா, நீங்க எறியற கல்லை நாங்க எடுத்துக்கலாமா?" என்று அஞ்சுகம் ஒரு பல்லுப்போன கிழவர் குரலில் கேட்டாள்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ, அதை வச்சு என்ன பண்ணப் போறே?" என்றது பூதம், திரும்பாமலே.

ஊரே ஆற்றில் நின்று பார்த்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டவர்கள் உண்டு, தலையைத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களே அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களும் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள்.

உச்சி வெயிலில் பூதம் மூன்று கோணி மூட்டையையும் பாறைமேல் கொட்டியது. "எல்லாரும் பாருங்கடா! மூணு கோணிப் பொன்னு!"

வெயிலில் அது காய்ந்தது. காய்ந்து உதிர்ந்தது. ஒரு காற்று வந்து அதில் ஒரு பிடியை அள்ளிப் பூதத்தின் கண்ணிலேயே போட்டது. பூதம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பியது. எதிரே ஒரு மரத்தட்டு. தட்டில் கருமணல். கருமணலில் ஒன்றல்ல, இரண்டல்ல, முழுசாக ஏழு குன்றிமணி அளவுக்குப் பொன்.

பூதம் தட்டைப் பார்த்தது. கோணியைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது.

"அது... நான் எறிஞ்சதா?"

"நீங்க எறிஞ்சதுதான்."

"கல்லுன்னு எறிஞ்சேனே!"

"அரிசியில அடியில நிக்கிறது கல்லு. ஆத்துல அடியில நிக்கிறதுதானே பொன்னு? கனமா இருக்கிறது கீழே தங்கும்."

இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். ஊரும் இப்போதுதான் சிரித்தது. அக்கரையில் மேய்ந்த மாடு மிரண்டு ஓடியது.

"இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே!" என்று பூதம் குதித்தது.

"நீங்க அரிசியைத்தானே கேட்டீங்க?"

"எப்பப் பாரு அரைகுறையாச் சொல்றதே உனக்கு வேலை! வீட்டுக்காரின்னா ஒரு..."

பாதியில் நின்றது.

"வீட்டுக்காரி?"

மெதுவாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தது. முழங்கால் வரை நனைந்திருந்தது. விரலிடுக்கில் ஆற்று மணல்.

"நீ... நீ எப்படி வெளிய வந்தே?"

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள் மாதரசி.

"நான் என்ன சொன்னேன்?"

"வேஏஏலை எல்லாம் முடிஞ்சுபோச்ச்சு!" என்று ஒரு குரல் வந்தது. காலி அண்டாவுக்குள் எருமை கத்துகிற குரல். பூதத்தின் குரலேதான். ஆனால் பூதம் வாயைத் திறக்கவில்லை.

அது அஞ்சுகத்தின் வாயைப் பார்த்தது.

"அப்போ... மணியக்காரர்?"

"ஹச்!" என்றாள் அஞ்சுகம்.

பூதத்தின் கைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறின. ஆறாவது கையும் ஏறியதும், அது அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தது.