வேர்க்கும் கண்ணாடி

"வெறுந்தொட்டியை இன்னும் எத்தனை நாள் பாத்துக்கொண்டிருக்கிறது ரீச்சர்?" என்று கேட்டார் கேதீசுவரன்.

"ஆறு கிழமை. ஒண்டரை மாசம்" என்றார் ரீச்சர்.

"வாற ஆக்கள் எல்லாம் மீன் எங்கை, மீன் எங்கை எண்டு கேக்கினம். வெக்கமாக் கிடக்கு."

"தண்ணிக்குள்ள ஏற்கெனவே ஆக்கள் குடிவந்திட்டினம். கண்ணுக்குத் தெரியாத ஆக்கள், நல்ல கிருமியள். அவை அடுப்பு மூட்டி, ஊத்தை அள்ளப் பழகினாப் பிறகுதான் மற்றவை வரலாம்."

நோர்வேயின் வடமுனையில், மீன் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊர் அது. இருபது, இருபத்தைந்து தமிழ்க் குடும்பங்கள். சுகிர்தமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதால் பெரியவர்களுக்கும் ரீச்சர்தான். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் மீன் வெட்டுவார். கேதீசுவரனுக்கு ஐம்பத்தொரு வயது. ரீச்சர் அவரைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் ஒருநாள் ரீச்சரின் வீட்டு நிலவறைக்கு இறங்கிப்போய், அங்கே கண்ணாடித் தொட்டியில் எட்டு டிகிரிக் கடல்நீரில் உயிர்கள் அசைவதைப் பார்த்தவர், மேலே வரும்போது சீடனாகத்தான் வந்தார்.

"பகல் முழுக்க மீன் வெட்டிற கை" என்று சொல்லிச் சிரித்தார் ரீச்சர். "பின்னேரத்தில ஒண்டு ரண்டைச் சாகாமல் வைச்சிருக்கப் பாக்கிறன்."

கேதீசுவரன் சொன்னபடி செய்தார். துறைமுகத்துக்கு அப்பால் நல்ல நீரோட்டம் உள்ள இடத்தில் வாளி வாளியாய்த் தண்ணீர் எடுத்தார். கல் அடுக்கினார். தண்ணீரைக் குளிராக்கும் மெசின் வாங்கிப் பூட்டினார். ஆறு கிழமையும் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்று மட்டும் ரீச்சர் சொன்னபடி நடக்கவில்லை. நிலவறையில் வைக்கச் சொன்ன தொட்டியை வீட்டின் பெரிய ஹோலில் வைத்திருந்தார்.

பார்க்க வந்த ரீச்சர் வாசலிலேயே நின்றார்.

"ஹோலிலயோ?"

"கீழ வைச்சால் ஆர் பாக்கிறது ரீச்சர்?"

ரீச்சர் உள்ளே வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். தான் கொண்டுவந்த வாளிக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தார். கல்லின் மேல் சிவந்த களிக்கட்டி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டி மெல்ல அவிழ்ந்தது. நூறு இதழ் கொண்ட பூவாக நின்றது. கடற்சாமந்தி. பூ இல்லை, பிராணி.

"நான் இந்த ஊருக்கு வந்த வருசம் எடுத்தது" என்றார் ரீச்சர். "அப்ப எனக்குக் கதைக்க ஆக்கள் இல்லை. இதோடதான் கதைச்சன். பத்தொன்பது வருசம்."

கேதீசுவரன் பதறினார். "ஐயோ, இதை ஏன் எனக்கு? சின்னன் ஏதும் இருந்தால்..."

"சின்னதைத் தந்தால் சின்னன்தானே எண்டு விட்டிடுவியள்." எழுந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். "வீடு சூடு, தண்ணி குளிர். கண்ணாடி வேர்க்கும். துடைக்கிறதெண்டால் துடையுங்கோ. மெசினில மட்டும் கை வைக்காதேங்கோ."

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. கடற்சாமந்தியோடு மூன்று நட்சத்திர மீன்களும் சேர்ந்தன. பிறகு மகள் ஆரணி பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டுக்கு நாள் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே வீடு நிறைந்துவிட்டது. முப்பது பேரின் மூச்சு, பலகாரம் சுடுகிற ஆவி, முழு வேகத்தில் ஹீட்டர். தொட்டி வேர்த்துக் கொட்டியது. கீழே விரித்த துவாய் நனைந்து, நிலத்தில் ஓடியது. உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை.

ஒஸ்லோவிலிருந்து வந்த மச்சான்தான் தொடங்கினார். "என்னடாப்பா, பிரிட்ஜைக் கொண்டுவந்து ஹோலில வைச்சிருக்கிறாய்? உள்ளுக்குள்ள என்ன, ஐஸ்கிரீமோ?"

சனம் சிரித்தது. கேதீசுவரனும் சிரித்தார். துவாயை எடுத்துத் துடைத்தார். பத்து எண்ணுவதற்குள் கண்ணாடி மறுபடி வெளுத்தது.

"அண்ணை" என்றார் வீடியோக்காரர். "நாளைக்குப் பிள்ளையை இதுக்கு முன்னால இருத்தி எடுத்தால் ஒருத்தரும் எடுக்காத படமா இருக்கும். ஆனால் கண்ணாடி இப்பிடி இருந்தால் சரிவராது. உந்த மெசினும் இரையுது."

ஒரு நாள்தானே என்று நினைத்தார் கேதீசுவரன். படம் எடுத்ததும் போட்டுவிடலாம். குனிந்து மெசினை நிறுத்தினார்.

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடி துல்லியமாய் இருந்தது. மெசின் சத்தமும் இல்லை. கடற்சாமந்தி என்றைக்கும் இல்லாத அளவு விரிந்து, நடுவில் வாயும் பிளந்து நின்றது. "பாருங்கோ, பிள்ளைக்காண்டிப் பூத்திருக்கு!" என்று யாரோ சொல்ல, கைதட்டினார்கள். மச்சானே கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "உண்மையாச் சொல்லுறன், நீ கெட்டிக்காரன்தான்" என்றார். கேதீசுவரனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஆரணி பட்டுச் சேலையும் நகையுமாய்த் தொட்டிக்கு முன்னால் இருந்தாள். வீடியோ வெளிச்சத்தில் அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒருமுறை திரும்பித் தொட்டியைப் பார்த்தாள்.

"அப்பா, அது ஏலாமல் நிக்குது. சுகமில்லைப் போல."

"அங்காலை பாக்காதை. கமராவைப் பார். சிரி."

அவள் சிரித்தாள்.

மெசினின் நினைவு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். பத்தொன்பது டிகிரி. கடற்சாமந்தி கல்லை விட்டுவிட்டு மணலில் கிடந்தது. நட்சத்திர மீன்களும் அசையவில்லை. யாரும் எழும்புவதற்கு முன் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிக் குப்பை வாளியில், பந்தி முடிந்த கடதாசித் தட்டுகளுக்குக் கீழே தள்ளினார். திரும்பியபோது ஆரணி அறை வாசலில் நின்றாள். தொட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வெறுங்கல்லை வாளியில் போட்டுக்கொண்டு ரீச்சர் வீட்டுக்கு நடந்தார். சொல்ல வேண்டியதை வழிநெடுகச் சொல்லிப் பார்த்தார். வாளியைப் படிக்குக் கீழே பனியில் மறைவாய் வைத்துவிட்டு மணியை அழுத்தினார்.

"வாங்கோ அண்ணை" என்று கதவைத் திறந்தார் ரீச்சர். "வேலை, சடங்குக்கு வர ஏலாமப் போச்சு. பிள்ளை என்ன செய்யிறா?"

"இருக்கிறா." படியில் காலைத் தட்டிச் சப்பாத்துப் பனியை உதிர்த்தார். "ரீச்சர், கரண்ட் போயிட்டுது."

"எங்கை?"

"எங்கட வீட்டில. சனிக்கிழமை. மெசின் நிண்டிட்டுது."

ரீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"அது வந்து... ஒரு பதினைஞ்சு மணித்தியாலம்."

"அடக் கடவுளே. அவ்வளவு சனத்துக்கும் என்னண்டு சமைச்சனீங்கள்?"

"சாப்பாடு கடையில எடுத்தது."

"இந்த ஊரிலயோ?"

சோறும் கறியும் விற்கிற கடைக்கு அந்த ஊரிலிருந்து எட்டு மணித்தியாலம் காரில் போகவேண்டும். கேதீசுவரன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீடியோவில ஒரு துண்டு வட்ஸப்பில வந்தது. பாத்தன்" என்றார் ரீச்சர். "நல்ல வெளிச்சம். கண்ணாடியும் நல்ல துப்புரவாத் தெரிஞ்சுது."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"ஜாக்கெட்டைக் கழட்டிக் கொழுவுங்கோ. கீழ போவம். படிக்குக் கீழ வைச்ச வாளியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. யன்னலால கண்டனான்."

நிலவறையில் மூச்சு புகையாய் வந்தது. ரீச்சரின் தொட்டியில் கண்ணாடி தெளிவாய் இருந்தது. உள்ளே நண்டு ஒன்று கல்லுக்குக் கல் நகர்ந்துகொண்டிருந்தது. ரீச்சர் வாளிக்குள் இருந்த கல்லை எடுத்தார். கடற்சாமந்தி ஒட்டியிருந்த இடம் வெள்ளை வட்டமாய்த் தெரிந்தது. அதன்மேல் பெருவிரலை வைத்தபடி நின்றார்.

"கடைசியில கல்லை விட்டிட்டுதோ?"

"ஓம்."

"ஒருக்காலும் விடாது. நான் ரண்டு வீடு மாறினனான். அப்பவும் விடேல்லை."

கல்லைத் தன் தொட்டிக்குள், அது முன்பு இருந்த இடத்திலேயே இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

ஏசப்போகிறார் என்று கேதீசுவரன் காத்திருந்தார். நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ரீச்சர் ஏசவில்லை. மூலையில் கிடந்த மின் ஹீட்டரை இழுத்துப் போட்டார். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூடியைத் திறந்தே விட்டார்.

"இஞ்ச குளிர் கூட. அண்ணைக்குத் தாங்காது."

ஆவி பரவியது. அறை இளஞ்சூடானது. தொட்டியின் கண்ணாடி வெளுத்து, நண்டு மறைந்து, கல் மறைந்து, வெறும் வெள்ளைச் சுவராய் நின்றது. ரீச்சர் ஒரு துணியை நீட்டினார்.

"பாக்க வேணுமெண்டால் துடையுங்கோ."

துடைத்தார். நண்டு தெரிந்தது. மறைந்தது. மறுபடி துடைத்தார். மறைந்தது. துணி ஈரமானது. கேதீசுவரன் பிழிந்துவிட்டுத் துடைத்தார். சட்டையின் முதுகு நனைந்தது.

"கரண்ட் போகேல்லை ரீச்சர்" என்றார், திரும்பாமலே.

"ம்."

"நான்தான் நிப்பாட்டினனான்."

"ம். அந்த மூலையைத் துடையேல்லை."

மூலையைத் துடைத்தார். "கண்ணாடி வேர்த்தது. வந்த சனத்துக்கு ஒண்டும் தெரியேல்லை. எல்லாரும் பகிடி பண்ணிச்சினம். அதாலைதான்."

ரீச்சர் கேத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

"மகள் சொன்னவ" என்றார் கேதீசுவரன். "அது ஏலாமல் நிக்குதெண்டு எனக்குச் சொன்னவ. நான் அவவைச் சிரிக்கச் சொன்னனான்."

முதல் தடவையாக ரீச்சர் அவர் பக்கம் முழுதாய்த் திரும்பினார்.

"சிரிச்சவவோ?"

"சிரிச்சவ."

கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது. ரீச்சர் பலகையில் உட்கார்ந்தார். பகல் முழுக்க மீன் வெட்டிய தன் கைகளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "துடையுங்கோ" என்றார்.

அவர் துடைத்தார். அது வேர்த்தது. துடைத்தார். வேர்த்தது.

"இது துடைச்சு முடியிற காரியமில்லை ரீச்சர்" என்றார் கடைசியில். "கண்ணாடி தெளிய என்னதான் வழி?"

"ரண்டு வழி இருக்கு. ஒண்டு, தண்ணியைச் சூடாக்கிறது."

துணி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. கேதீசுவரனுக்கு முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"மற்றது?"

ரீச்சர் எழுந்தார். கேத்தலை நிறுத்தினார். ஹீட்டரை நிறுத்தினார். கடல் பக்கக் கதவை அகலத் திறந்தார். பனிக்காற்று அறைக்குள் புகுந்து கேதீசுவரனின் நனைந்த சட்டையைப் பிடித்தது. அவருடைய ஜாக்கெட் மேலே கொழுவியில் தொங்கியது. ரீச்சரும் ஜாக்கெட் இல்லாமலே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"நாங்கள் குளிரில நிக்கிறது."