வெல்வெட் உறை

ரஸியாவுக்கு வயது முப்பத்தொன்று. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் பழகிய சீடருக்கு வயது அறுபது. பெயர் செண்பகராஜ். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒருநாள் காலையில் அவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்.

"வாத்தியாரம்மா, கால் மணி நேரம் ஓடுது. அப்புறம் பொட்டுன்னு அணைஞ்சிடுது."

"அவசரமா?"

"வீட்டுக்காரி பத்தாங்கிளாஸ் எழுதுறா, அம்பத்து மூணு வயசுல. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. பாடமெல்லாம் இதுலதான் கேக்கா. இன்னைக்கு நாலு மணிக்குக் கடைசிப் பாடம். அதைக் கேக்கலேன்னா பாசாக மாட்டேன்னு இப்பவே அழுவுறா."

"உள்ளே தூசி இருக்குமோ?"

"தூசியா! இதுல தூசி இருந்தா மீசையை எடுத்துடுறேன். அதுக்குன்னே அவ உறை தைச்சுப் போட்டிருக்கா. ஓடும்போதுகூட நான் கழட்ட விட மாட்டேன்."

பெட்டி உறையோடுதான் இருந்தது. மெரூன் வெல்வெட், ஓரத்தில் ஜரிகை. மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ரஸியா உறையைக் கழற்றினாள்.

"அண்ணாச்சி, இதைத் தலையில மாட்டிக்கோங்க."

"எதுக்கு?"

"மாட்டுங்க. இங்கேருந்து மதுரை வரைக்கும் ஊர் பேரைக் கூவுங்க. பழைய மாதிரி."

அவர் கழுத்து வரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"சாத்தூர், சாத்தூர், சாத்தூரேய்! விருதுநகர் ஏறு, விருதுநகர் ஏறு! கள்ளிக்குடி... கள்ளி..."

டீக்கடைக்காரர் வெளியே வந்து, "வண்டி எப்ப எடுக்கும்?" என்றார்.

செண்பகராஜ் உறையைப் பிடுங்கி எறிந்தார். முகமெல்லாம் வேர்வை.

"மதுரை வரலியே அண்ணாச்சி?"

"மதுரை எங்கம்மா வரும்? மூச்சே வரல!"

"சரி, உங்க மீசையில என்னது?"

அவர் தடவிப் பார்த்தார். விரலில் மெரூன் நிறத்தில் பஞ்சு பஞ்சாய் வந்தது.

ரஸியா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஃபேனுக்குப் பின்னால் அதே மெரூன் பஞ்சு, தோசை மாதிரி தடிமனாக அப்பிக் கிடந்தது.

செண்பகராஜ் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அதை விடுங்க, வேலையைப் பாருங்க" என்று அவள் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

அவர் அப்பியிருந்ததைப் பெயர்த்து எடுத்தார். பிறகு காற்றடிக்கும் புளோயரை வைத்தார். ஃபேன் பம்பரமாய்ச் சுற்றியது. அவருக்கு ஒரே சிரிப்பு.

"விளையாட்டா அது? ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க. இல்லேன்னா அதுவும் போயிரும்."

பிடித்துக்கொண்டு அடித்தார். வாசல் வரை புழுதி போனது.

கரண்ட் கொடுத்தார்கள். கால் மணி நேரம் ஆனது. பெட்டி அணையவில்லை. அரை மணி ஆனது. ஒரு மணி நேரம் ஓடியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் லேசான சூடுதான்.

செண்பகராஜ் வீட்டுக்குப் போன் போட்டு, "நோட்டை எடுத்து வை, வர்றேன்" என்றார். அந்தப் பக்கம் போட்ட சந்தோஷச் சத்தம் ரஸியாவுக்கே கேட்டது.

அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார். உடனே ஏறவில்லை. கையில் உறையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாத்தியாரம்மா, இதை அவ பத்து நாள் உக்காந்து தைச்சா. போட்டா மூச்சு முட்டுது. போடலேன்னா அவ முகத்தைப் பாக்க முடியாது. நான் என்னதான் செய்ய?"

ரஸியா உறையை வாங்கி இரண்டு உதறு உதறினாள். மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஓடுறப்ப உறையைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி. ஓடி முடிச்சுச் சூடு ஆறினப்புறம் போர்த்துங்க."